கொட்டகைப் புறா, முட்டை தூக்கும் காக்கை, பாத்தி மயில்: விரட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வீடும் நிலமும். கொட்டகை உத்தரத்தில் மாடப்புறா குடியேறி, கீழே நிற்கிற வண்டி முதல் வைக்கோல் வரை எச்சம். கோழித் தீவனத்தில் குருவியும் மைனாவும் பங்கு. காக்கை முட்டையைத் தூக்குகிறது. காய்கறிப் பாத்தியில் மயில் இறங்குகிறது. பட்டாசு வெடித்தீர்கள், பழைய குறுந்தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டீர்கள்; ஒரு வாரம் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடி வந்துவிட்டன. இனி விஷம் வைப்பதா, சுடுவதா, பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடுவதா என்று கேட்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் நீங்கள் செய்ய வேண்டியது செலவே இல்லாத ஒரு வேலை: மூன்று நாள், விடியலில் ஒரு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரம், ஒரு நோட்டும் பேனாவுமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பறவை, எத்தனை, எந்த வழியாக உள்ளே வருகிறது, முதலில் எங்கே உட்காருகிறது, என்ன தின்கிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று எழுதுங்கள். பறவை ஓர் இடத்துக்கு வருவது நான்கில் ஒன்றுக்காக: தீனி, தண்ணீர், இரவில் அடைய இடம், கூடு கட்ட இடம். உங்கள் நிலத்துக்கு வரும் பறவைகள் எல்லாம் ஒரே காரணத்துக்காக வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டாசு வெடித்ததால்தான் எதுவும் நிற்கவில்லை.

நானும் பல ஆண்டுகள் சத்தம் போட்டு விரட்டியவன்தான். என் கொட்டகையில் புறாக்கள் கதவு வழியாக வருகின்றன என்றே நினைத்து, கதவைச் சாத்திச் சாத்தி அலுத்தேன். ஒருநாள் விடியலில் உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சுவர் முடிந்து கூரைத் தகடு தொடங்கும் இடத்தில், தகட்டின் வளைவுகளுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவு சந்து. ஒவ்வொரு புறாவும் வெளி விளிம்பில் வந்து உட்கார்ந்து, தலையை இரண்டு முறை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, உடம்பைத் தாழ்த்தி, அந்தச் சந்தில் நடந்தே உள்ளே வந்தது. சந்தின் அடிப்பக்கம் அவற்றின் நெஞ்சு உரசி உரசிக் கறுத்து மினுமினுத்துக் கிடந்தது. அந்தக் கறையைத் தேடுங்கள். புறா எங்கே நுழைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

புறாவுக்கு வழி, அடைப்பதுதான். சந்துகளை வெல்டு செய்த கம்பி வலையாலோ தகட்டாலோ மூடுங்கள். பெரிய திறப்பு என்றால் வலை கட்டுங்கள். வலைக்கண் அளவு முக்கியம்: புறாவுக்கு 50 மி.மீ. கண் போதும், மைனா அளவுப் பறவைக்கு 28 மி.மீ., சிட்டுக்குருவிக்கு 19 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. புறாவுக்கென்று வாங்கிய வலையில் குருவி சாவகாசமாக நுழையும். வண்டி போகிற வாசலுக்குப் பட்டையான பிளாஸ்டிக் கீற்றுத் திரை தொங்கவிடலாம். மாடும் ஆளும் தள்ளிக்கொண்டு போகலாம், பறவை பெரும்பாலும் நுழையாது. அடைக்கவே முடியாத உத்தரம், சுவர் விளிம்பு என்றால், அதன் மேல் 45 பாகைக்கு மேல் சரிவாக ஒரு பலகையோ வழவழப்பான தகடோ வைத்துவிடுங்கள். கால் வழுக்கும் இடத்தில் புறா அடையாது.

ஆனால் அடைப்பதற்கு முன் கூட்டைப் பாருங்கள். மாடப்புறா ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். ஏறக்குறைய 18 நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். உள்ளே குஞ்சு இருக்கும்போது வழியை மூடினால் அது பட்டினியில் சாகும், நாற்றம் எடுக்கும், ஈ மொய்க்கும். வெளியே நிற்கும் தாய் வழி தேடி வலையைச் சுற்றிச் சுற்றி வரும். இரக்கமும் வசதியும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன: குஞ்சு பறந்தபின் மூடுங்கள். புறாவுக்கு அடுத்த ஈடு வைக்க அதிக இடைவெளி தேவைப்படாது. பழைய குஞ்சு கூட்டில் இருக்கும்போதே அது அடுத்த முட்டைக்கு ஆயத்தமாகிவிடும் என்பதால் நாள் குறித்துவைத்துக் கண்காணிக்க வேண்டும். மூடுகிற நாளில், பறவைகள் இரை தேடப் போயிருக்கும் பகல் நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் உள்ளே ஒன்றிரண்டு மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எச்சத்தைத் துப்புரவு செய்வதில் அவசரம் வேண்டாம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதுதான் பலர் செய்யும் தவறு. பழைய எச்சக் குவியலில் ஹிஸ்டோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் வளரும். பறவைகளிடமிருந்து பரவும் சிட்டகோசிஸ் என்கிற நுரையீரல் நோய்க்கிருமியும் எச்சத் தூசியில் வரும். பெருக்கினால் அத்தனையும் காற்றில் ஏறி நேராக உங்கள் நெஞ்சுக்குள் போகும். முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிடுங்கள். பிறகு சுரண்டியால் ஈரமாகவே வழித்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். என்95 முகக்கவசம், கையுறை, பின்னால் துவைத்துவிடக்கூடிய பழைய துணி. ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் அந்தப் பக்கமே வர வேண்டாம். குவியல் மேல் நேராக பிளீச்சிங் கரைசலை ஊற்றாதீர்கள். எச்சத்தில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். எல்லாம் வழித்துக் கழுவியபின், காற்றோட்டம் இருக்கும்போது கிருமிநாசினி போடுங்கள். கைவிட்ட கூட்டையும் எடுத்துவிடுங்கள். அதில் செள்ளு இருக்கும், பறவை போனதும் அது வேறு உடம்பு தேடி வீட்டுக்குள் வரும்.

கோழித் தீவனத்துக்கு வருவோம். குருவியும் மைனாவும் திருட வருகின்றன என்று சொல்வது சரியில்லை. நாம்தான் பரப்பி வைத்திருக்கிறோம். கோழி ஒவ்வொரு கொத்துக்கும் தலையை ஓர் ஆட்டு ஆட்டும். அகலத் தட்டில் தீவனம் இருந்தால் அதில் ஒரு பங்கு தரையில்தான். காலையும் மாலையும் கோழி இருபது நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போட்டு, மீதியை எடுத்துவிடுவது எளிய வழி. வேலை அதிகம் என்றால், பலகையை மிதித்தால் மூடி திறக்கிற தீவனப் பெட்டி செய்துகொள்ளுங்கள். குருவியின் எடைக்கு அது திறக்காது. கோழிக்குப் பழக முதல் வாரம் மூடியைக் கல் வைத்துத் திறந்தே விடுங்கள், பிறகு கல்லை எடுங்கள். தண்ணீருக்கும் திறந்த தட்டுக்குப் பதில் அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் குழாய் நல்லது. இதில் மிச்சமாகும் தீவனத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நோய்த் தடுப்பு. வெள்ளைக்கழிச்சல், சால்மொனெல்லா, பறவைக்காய்ச்சல் ஆகியவை கோழிக்கு வருகிற வழிகளில் காட்டுப் பறவை எச்சம் விழுந்த தீவனமும் தண்ணீரும் உண்டு. பக்கத்தில் எங்காவது பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால், கோழிகளை அந்தக் காலம் முழுதும் மேலே கூரையும் சுற்றிலும் சின்னக் கண் வலையும் உள்ள இடத்திலேயே வைத்திருங்கள். செத்துக் கிடக்கும் காட்டுப் பறவையை வெறும் கையால் தொடவே கூடாது.

காக்கைதான் நீங்கள் எதிர்கொள்வதில் அறிவாளி. அதனோடு பகை வளர்க்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். 2006-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்து வளையம் கட்டி விட்டார்கள். அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின. ஆண்டுகள் போனபின்னும், பிடிபடாத காக்கைகளும் குஞ்சுகளும்கூட மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தைக் கற்றுக்கொண்டிருந்தன. நீங்கள் ஒரு காக்கையைக் கல்லால் அடித்தால் ஊர்க் காக்கை முழுதுக்கும் உங்கள் முகம் தெரிந்துவிடும்.

முட்டையைக் காப்பது அதைவிட லேசு. கோழி முட்டையிடும் பெட்டி இருட்டாக இருக்கட்டும். வாசலில் சாக்குத் துணியை நடுவில் கிழித்துத் தொங்கவிடுங்கள். கோழி அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், காக்கை தன் முதுகுக்குப் பின்னால் தெரியாத இடத்துக்குள் தலைவிடத் தயங்கும். பெட்டித் தரையைச் சற்றுச் சரிவாக அமைத்து, முட்டை உருண்டு பின்புற மூடிய தட்டுக்குப் போகும்படி செய்தால் இன்னும் நல்லது. நண்பகலுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை முட்டை எடுத்துவிடுங்கள். குஞ்சுக்கோழி மேயும் இடத்துக்கு மேலே, காக்கை சிறகு விரித்து இறங்க முடியாத நெருக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினால் போதும். கூடு கட்டிய மரத்தடியில் காக்கை உங்கள் தலையைத் தட்டினால் அது குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும் சில வாரக் கதை. தொப்பியோ குடையோ வைத்துக்கொண்டு வேறு பக்கமாக நடந்துவிடுங்கள்.

மயிலுக்கு எளிய பதில் என்னிடம் இல்லை. ஆண் மயில் நான்கிலிருந்து ஆறு கிலோ எடை; அத்தனை எடையிலும் ஆளுயர வேலியை ஒரே எழும்பலில் தாண்டும். வேலியில் பணம் போடாதீர்கள். எது நாற்று, எது இளந்தளிர், எது பழுக்கும் காய் என்று பார்த்து, அந்தப் பாத்திகளுக்கு மட்டும் வளைகம்பி நட்டு மேலிருந்து தரைவரை வலையால் மூடுங்கள். செடி முற்றியபின் எடுத்துவிடலாம். ஒதுக்குப்புறப் புதரை வெட்டிப் பாத்தியைச் சுற்றி வெளிச்சமாக வைத்தால், மறைந்து நின்று பார்த்துவிட்டு இறங்குகிற வசதி அதற்குப் போய்விடும். நாய் பகலில் அங்கே இருந்தால் நல்ல பலன் உண்டு, குறிப்பாக விடியலில். காலையில் கார்க் கதவில் கொத்துக்காயம் இருந்தால் அதுவும் மயில் வேலையாக இருக்கலாம்: இனப்பெருக்கக் காலத்தில் பளபளப்பில் தெரியும் தன் உருவத்தையே போட்டியாளன் என்று கொத்தும். துணி போட்டு மூடினால் முடிந்தது. சன்னல் கண்ணாடியை ஓயாமல் கொத்தும் சின்னப் பறவைக்கும் இதே மருந்துதான். ஆனால் துணியையோ தாளையோ கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும், உள்ளே ஒட்டினால் பிம்பம் அப்படியே இருக்கும்.

இப்போது அந்தக் குறுந்தகடும் பட்டாசும் ஏன் தோற்றன என்பது. பறவைக்குப் புதியது எதுவும் பயம். பயந்தபின் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது பழக்கம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி தொங்கும் எதையும் அது சில நாளில் எடைபோட்டுவிடும். வெருளியின் தோளில் மைனா உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தினைப்புனம் காத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. சங்கப் பாடல்களில் கிளி விரட்டும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று வெவ்வேறு ஒலிக்கருவிகளை மாறி மாறிக் கையில் எடுக்கிறார்கள். அந்த ‘மாறி மாறி’ என்பதில்தான் சூட்சுமம் முழுதும் இருக்கிறது. மினுங்கு நாடா, பருந்து உருவப் பட்டம், பதிவு செய்த அபாயக் குரல், உங்கள் சொந்தக் கைதட்டல் எல்லாமே வேலை செய்யும், சில நாளைக்கு. அந்தச் சில நாளை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. கதிர் பால் பிடிப்பதற்கும் பழம் நிறம் மாறுவதற்கும் ஓரிரு நாள் முன்னால் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை இடமும் வகையும் மாற்றி, அறுவடை முடிந்த அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பறவை ருசி கண்டபின் தொடங்கினால் பாதி பலன்கூட இல்லை.

விளம்பரத்தில் வரும் இரண்டு பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேளா ஒலிக் கருவி வாங்காதீர்கள். பெரும்பாலான பறவைகளின் செவி 10 கிலோஹெர்ட்சுக்கு மேல் எட்டாது; நமக்கே 20 வரை கேட்கும். நமக்குக் கேட்காத அந்த ஒலி பறவைக்கும் கேட்காது. அடுத்தது மிளகாய்க் கரைசல். காரத்தை உணரும் நரம்பு வாயில் பறவைக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது. மிளகாயின் எரிவு அதற்கு உறைக்காது. செடியில் பழுத்த மிளகாயைக் கிளி எப்படித் தின்கிறது என்று பாருங்கள், புரியும். திராட்சை மணம் தரும் மீதைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் மட்டும் பறவையின் வாயிலும் மூக்கிலும் உண்மையாகவே உறுத்தும். மழையிலும் வெயிலிலும் சீக்கிரம் போய்விடும் என்பதால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

வலையைப் பற்றி ஒரு வருத்தமான அனுபவம். கொய்யாவுக்கு, சும்மா கிடந்த பழைய மீன்வலையை மரத்தின் மேல் போர்த்திவிட்டிருந்தேன். மெல்லிய இழை, தொளதொளவென்று தொங்கியது. மூன்றாம் நாள் விடியலில் போனால், அதில் ஒரு புள்ளி ஆந்தை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் திமிறியிருக்கிறது, சிறகின் முட்டில் வலை இழை தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. துணியால் முகத்தை மூடியதும் அடங்கியது. வீட்டில் நகம் வெட்டுகிற சின்னக் கத்திரியால் ஒவ்வோர் இழையாக வெட்டினேன், இருபது நிமிடம் ஆனது. அந்த நேரமெல்லாம் என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து பறவை மருத்துவம் தெரிந்தவரிடம் சேர்த்தேன். பிழைத்தது. ஆனால் கொய்யாவைத் தின்னாத, என் நிலத்தின் எலியையும் பூச்சியையும் தின்கிற பறவை அது. அன்றிலிருந்து தடித்த இழை, கண்ணுக்குத் தெரியும் நிறம், சட்டம் அடித்து முரசுத்தோல் போல இழுத்துக் கட்டிய வலை மட்டும்தான். வலைக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, கீழ் விளிம்பு தரையில் கிடக்காமல் பதித்துக் கட்டியது, நாளுக்கு இருமுறை பார்வை. தரையில் சுருண்டு கிடக்கும் வலையில் பாம்பும் ஓணானும் மாட்டிச் சாகும். இன்னும் எளிது, குலைகளுக்கு மட்டும் துணிப்பை கட்டுவது.

விஷம் ஏன் வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விஷத் தானியம் தின்ற புறா அதே இடத்தில் விழாது. தடுமாறிப் பறந்து எங்கோ விழும். அதை வல்லூறு தின்னும், ஆந்தை தின்னும், உங்கள் நாயும் தின்னும். இவைதான் உங்களுக்குச் சம்பளமில்லாமல் காவல் காப்பவை. 1958-இல் சீனாவில் நான்கு தீங்குயிர் ஒழிப்பு இயக்கத்தில் சிட்டுக்குருவியைச் சேர்த்து நாடு முழுக்கக் கொன்றார்கள். குருவி தின்ற தானியத்தைக் கணக்கிட்டவர்கள் அது தின்ற பூச்சியைக் கணக்கிடவில்லை. வெட்டுக்கிளி பெருகியது, அடுத்துவந்த பெரும்பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1960-இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பிடித்துத் தூரத்தில் விடுவதும் வீண் அலைச்சல். மாடப்புறாவின் இனத்திலிருந்துதான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிவரும் தூதுப்புறாவே வந்தது. உங்களுக்கு முன்னால் அது வீடு வந்து சேர்ந்திருக்கும்.

துப்பாக்கிக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. காக்கை முன்பு தீங்குயிர் அட்டவணையில் இருந்தது, 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டுவிட்டது. இலங்கையில் 1937 முதல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. பிரிட்டனின் 1981 சட்டம் பறவை பயன்படுத்தும் கூட்டைக் கலைப்பதையே குற்றம் என்கிறது. அமெரிக்காவின் 1918 வலசைப் பறவைச் சட்டம் மாடப்புறாவையும் சிட்டுக்குருவியையும் சேர்க்காமல் மற்றப் பெரும்பாலான பறவைகளைக் காக்கிறது. எந்த ஊரில் இருந்தாலும் கூட்டில் கை வைப்பதற்கு முன் வனத்துறையிடமோ அதற்கு இணையான அலுவலகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மயிலால் சேதம் பெரிது என்றால் படம் எடுத்து, தேதி போட்டு அவர்களிடம் எழுதிக்கொடுங்கள்.

தாழ்வாரத்தில் தகைவிலானோ சிட்டுக்குருவியோ கூடு கட்டியிருந்தால் அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கூட்டுக்கு ஒரு முழம் கீழே ஒரு பலகையை அடித்தால் எச்சம் அதில் விழும், குஞ்சு பறந்ததும் கழுவிக்கொள்ளலாம்.

வேலையின் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் தீவனமும் தண்ணீரும் முட்டைப் பெட்டியும். அதிலேயே குருவியும் காக்கையும் பாதி குறையும். அடுத்து மயிலுக்காகப் பாத்தி வலை. கொட்டகைதான் கடைசி, கூடுகள் காலியானபின். அதை அடைக்கும்போது வெளிச்சுவரில் உயரமாக, கூகை நுழைகிற அளவு வாயுள்ள ஒரு மரப்பெட்டி பொருத்திவிடுங்கள். வாய் கொட்டகைக்கு உள்ளே திறக்காமல் வயல் பக்கம் பார்க்கட்டும். புறா குடியேறினால் கூட்டுக் குச்சி சேரும்போதே எடுத்துவிடுங்கள். கூகை வர ஓர் ஆண்டு ஆகலாம், இரண்டும் ஆகலாம். வந்துவிட்டால் பெட்டிக்குக் கீழே எலி எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்ட கறுப்புக் கவளங்கள் விழுந்துகிடக்கும்.